மறையும் பீரங்கி: கடற்கரைக் கோட்டைகளில் பீரங்கித் தாங்கிகளின் வரலாறு

கடற்கரைக் கோட்டைகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பீரங்கியின் குழலைப் பற்றியே எழுதுகிறார்கள். வாய் எத்தனை அங்குலம், எடை எத்தனை டன், குண்டு எவ்வளவு கனம் என்று கணக்கு நீள்கிறது. ஆனால் குழல் தானாக நின்று சுடுவதில்லை. அதைத் தாங்கவும், பக்கவாட்டில் திருப்பவும், மேலே உயர்த்தவும், சுட்டவுடன் அது பின்னால் பாயும் வேகத்தை வாங்கிக்கொள்ளவும் ஓர் அமைப்பு வேண்டும். இக்கட்டுரையில் அது பீரங்கித் தாங்கி எனப்படுகிறது.

தாங்கிக்கு இருந்த முக்கியத்துவத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். அமெரிக்கக் கடற்கரைப் படையிடம் 1895 மாதிரி 12 அங்குலப் பீரங்கி இருந்தது. ஒரு வகைத் தாங்கியில் வைத்தபோது அது ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தொலைவுக்குச் சுட்டது. அதே குழலை வேறொரு தாங்கிக்கு மாற்றியபோது 27 கிலோமீட்டருக்குச் சுட்டது. பத்துக் கிலோமீட்டர் வேறுபாட்டுக்குக் காரணம் முதன்மையாகத் தாங்கிதான். குறைவாகச் சுட்ட முதல் தாங்கிதான், வடிவமைக்கப்பட்ட காலத்தில் மிகச் சிறந்த கண்டுபிடிப்பாகக் கருதப்பட்டது. அதன் பெயர் மறையும் தாங்கி. சுட்டவுடன் பீரங்கி சுவருக்குப் பின்னால் இறங்கி ஒளிந்துகொள்ளும். குண்டு நிரப்பியபின் மீண்டும் எழும்.

சக்கர வண்டியும் சுழல் மேடையும்

பதினெட்டாம் நூற்றாண்டு வரை கோட்டைப் பீரங்கியும் கப்பல் பீரங்கியும் ஏறக்குறைய ஒரே மாதிரியான மரவண்டியில்தான் இருந்தன. நான்கு சிறு சக்கரங்கள், இரண்டு பக்கப் பலகைகள், நடுவில் குழல். சுட்டால் வண்டி முழுவதும் பின்னால் ஓடும். வீரர்கள் அதைக் கயிறு கட்டி இழுத்தும் கடப்பாரையால் நெம்பியும் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். நகரும் கப்பலைக் குறிபார்க்க ஒவ்வொரு முறையும் வண்டியின் பின்பகுதியைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். நின்ற இடத்தில் நிற்கும் எதிரிப் படைக்கு எதிராக இது போதும். ஓடும் கப்பலுக்கு எதிராகப் போதாது.

இதற்குத் தீர்வாக வந்தது சுழல் மேடை. வண்டியை ஒரு நீண்ட சாய்வுச் சட்டத்தின் மேல் வைத்தார்கள். சட்டத்தின் முன்பகுதி ஓர் அச்சில் பொருத்தப்பட்டது; பின்பகுதி வளைந்த தண்டவாளத்தில் உருண்டது. இப்போது ஒருவர் இருவர் தள்ளினாலே பீரங்கி பக்கவாட்டில் திரும்பியது. சட்டம் பின்னோக்கி உயர்ந்திருந்ததால் சுட்ட பீரங்கி மேட்டில் ஏறி வேகம் இழந்தது. நிரப்பியபின் தன் எடையாலேயே முன்னால் சரிந்தது. பழைய கடற்கரைக் கோட்டைகளுக்குச் செல்பவர்கள் தரையில் பிறைவடிவ இரும்புத் தண்டவாளம் பதிந்திருப்பதைப் பார்க்கலாம். பீரங்கி போய்விட்ட பிறகும் அது எந்தத் திசைகளைக் காத்தது என்பதை அந்தப் பிறை காட்டும்.

தாங்கியை மாற்றினாலே ஒரு போர்முனையின் நிலை மாறும் என்பதற்கு ஜிப்ரால்டர் நல்ல சான்று. 1779 முதல் 1783 வரை ஸ்பானிய, பிரெஞ்சுப் படைகள் அந்தப் பாறையை முற்றுகையிட்டன. பிரிட்டிஷாரின் பீரங்கிகள் பாறையின் உயரத்தில் இருந்தன; எதிரி அடிவாரத்தில் பதுங்குகுழி வெட்டிக்கொண்டு நெருங்கினான். பீரங்கிக் குழலை அவ்வளவு செங்குத்தாகக் கீழே சாய்க்கச் சாதாரண வண்டியால் முடியாது. சாய்த்தால் குண்டு உருண்டு விழுந்துவிடும். சுட்டால் பின்னுதைப்பு வண்டியையே உடைத்துவிடும். 1782-ஆம் ஆண்டு லெப்டினன்ட் ஜார்ஜ் கோலர் என்ற அதிகாரி ஒரு புதிய வண்டியை உருவாக்கினார். அதில் குழல் ஒரு படுக்கைச் சட்டத்தின் மேல் சறுக்கி வந்தது. அந்தச் சட்டத்தை முன்புறக் கீலில் கீழ்நோக்கிச் சாய்க்க முடிந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் நடந்த சோதனையில் சுட்ட 30 குண்டுகளில் 28 இலக்கைத் தொட்டதாகப் பதிவு உள்ளது. குழலும் வெடிமருந்தும் பழையவை. வண்டி மட்டுமே புதியது.

கல் சுவர் தோற்ற காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கோட்டைக்கும் கப்பலுக்கும் இடையிலான போட்டியில் கோட்டையின் கையே ஓங்கியிருந்தது. கப்பல் மரம், கோட்டை கல். கப்பல் ஆடும், கோட்டை ஆடாது.

1855 அக்டோபரில் கிரிமியப் போரின்போது கின்பர்ன் கோட்டைக்கு முன் மூன்று பிரெஞ்சு மிதவைகள் வந்து நின்றன. இரும்புக் கவசம் பூண்ட அவை ரஷ்யக் குண்டுகளைத் தாங்கிக்கொண்டு சில மணி நேரத்தில் கோட்டையை அடக்கின. ஏழாண்டுகள் கழித்து, அமெரிக்க உள்நாட்டுப் போரில், ஜார்ஜியா மாநிலத்தின் புலாஸ்கி கோட்டை இன்னொரு பாடத்தைத் தந்தது. இரண்டு மீட்டருக்கும் மேல் தடித்த செங்கல் சுவர் கொண்ட அந்தக் கோட்டையை யாராலும் தகர்க்க முடியாது என்று நம்பினார்கள். ஆனால் குழலின் உட்புறம் திருகு வரிகள் வெட்டப்பட்ட புதுவகைப் பீரங்கிகள் 1862 ஏப்ரல் 10, 11 ஆகிய நாட்களில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து சுட்டுச் சுவரில் பெரும் ஓட்டை போட்டன. ஏறத்தாழ முப்பது மணி நேரத்தில் கோட்டை சரணடைந்தது.

கோட்டைக் கட்டுநர்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பீரங்கிகளைக் கூரையிட்ட அறைக்குள் வைத்துச் சுடுவதற்கான துளையை இரும்புக் கவசத்தால் மூடுவது. பிரிட்டன் 1860-க்குப் பிறகு கட்டிய பல கோட்டைகள் இந்த வகை. செலவு மிக அதிகம். அறை புகையால் நிறையும். சிறு துளை வழியே பார்ப்பதால் பீரங்கி திரும்பும் கோணமும் குறையும். மற்றொன்று, பீரங்கியைத் திறந்தவெளியில், தாழ்ந்த சுவருக்கு மேல் குழல் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைப்பது. எல்லாத் திசையும் தெரியும். எதிரிக்கும் பீரங்கியும் அதைச் சுற்றி நிற்பவர்களும் தெரிவார்கள். குண்டு நிரப்பும் நேரத்தில் அவர்களுக்கு எந்த மறைப்பும் இல்லை.

மூன்றாவது வழி ஒன்றைக் கண்டவர் தொழில்முறைப் பீரங்கிப் பொறியாளர் அல்லர்.

மான்கிரீஃபின் துலா

அலெக்சாண்டர் மான்கிரீஃப் (1829–1906) எடின்பரோவின் தன்னார்வப் பீரங்கிப் படையைச் சேர்ந்த ஸ்காட்லாந்து அதிகாரி. 1855-இல் செவஸ்தபோல் முற்றுகையைப் பார்த்தபோது, எதிரிக் குண்டுகள் சுடுதுளைகளின் வழியே நுழைந்து பீரங்கிகளையும் வீரர்களையும் அழிப்பதைக் கவனித்தார். சுவரில் துளை இருப்பதுதான் சிக்கல் என்றால், துளையே இல்லாமல் சுவருக்கு மேலே எழுந்து சுட்டுவிட்டுக் கீழே இறங்க முடியாதா என்பது அவர் கேள்வி.

பல டன் எடையுள்ள பீரங்கியை ஒவ்வொரு முறையும் தூக்கி இறக்குவதற்கு ஆற்றல் எங்கிருந்து வரும்? மான்கிரீஃபின் விடை எளிமையானது. அந்த ஆற்றல் ஏற்கெனவே இருக்கிறது, அதை வீணாக்கிக்கொண்டிருக்கிறோம். சுட்டவுடன் பீரங்கி பின்னால் பாயும் வேகத்தை அதுவரை எல்லோரும் தொல்லையாகவே பார்த்தார்கள்; கயிறும் உராய்வும் கொண்டு அடக்கினார்கள். அவர் அந்தப் பின்னுதைப்பைச் சேமித்து வைத்து, அதைக் கொண்டே பீரங்கியை மறுபடியும் தூக்கினார்.

கிணற்றடியில் துலாவைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. துலாவின் ஒரு முனையில் வாளி, மறுமுனையில் கல். வாளியைக் கீழே இழுக்கும்போது கல் மேலே போகும். விட்டால் கல் இறங்கும், நிறைந்த வாளி மேலே வரும். மான்கிரீஃபின் தாங்கியில் வாளியின் இடத்தில் பீரங்கி. கல்லின் இடத்தில் வார்ப்பிரும்பு எதிர்எடை. பீரங்கியைக் கீழே இழுப்பது மனிதன் அல்ல, பின்னுதைப்பு.

ஆனால் சாதாரணத் துலாவில் ஒரு குறை உண்டு. அதன் தாங்குபுள்ளி நிலையானது. சுட்ட கணத்தில் பீரங்கி மிகுந்த வேகத்தோடு பாயும். அப்போதே எதிர்எடை முழுவதும் எதிர்த்தால் அச்சு முறிந்துபோகும். எனவே மான்கிரீஃப் தாங்கியின் இரு பக்கங்களையும் சாய்வு நாற்காலியின் அடிக்கால் போல வளைத்து, தண்டவாளத்தின் மேல் உருளும்படி செய்தார். தொடக்கத்தில் எதிர்எடை தாங்குபுள்ளிக்கு நேர் மேலே இருப்பதால் எதிர்ப்பு மிகக் குறைவு. வளைகால் உருள உருளத் தாங்குபுள்ளி பின்னால் நகரும். எதிர்எடையின் பிடி சிறிது சிறிதாகக் கூடும். பீரங்கி அதிர்ச்சி இல்லாமல் கீழே வந்து அமரும். ஒரு பற்சக்கரத் தடை அதை அங்கேயே பிடித்துக்கொள்ளும். வீரர்கள் சுவரின் மறைவில் நின்று குண்டு நிரப்புவார்கள். தடையை விடுவித்தால் எதிர்எடை இறங்க, பீரங்கி எழும். கீழே இருந்தபடியே குறிபார்க்கக் கண்ணாடி பொருத்திய பார்வைக் கருவியும் வைத்திருந்தார்.

பிரிட்டிஷ் இராணுவம் இதை ஏற்று, 7 அங்குலப் பீரங்கிகளுக்குப் பயன்படுத்தியது. குறை என்னவென்றால், பீரங்கியின் எடை கூடக்கூட எதிர்எடையும் கூடும். மலைபோன்ற இரும்பைத் தாங்குவதற்கு ஆழமான குழியும் உறுதியான அடித்தளமும் வேண்டும். எனவே இரும்பின் வேலையைக் காற்றிடம் கொடுத்தார்கள். பீரங்கி பின்னால் வரும்போது ஓர் உருளைக்குள் இருக்கும் திரவத்தைத் தள்ளும். திரவம் அடைபட்ட காற்றை அழுத்தும். அழுந்திய காற்று ஒரு சுருள்வில்போல ஆற்றலைத் தேக்கி வைக்கும். அடைப்பிதழைத் திறந்தால் காற்று விரிந்து பீரங்கியைத் தூக்கும். ஆர்ம்ஸ்ட்ராங் நிறுவனம் இந்த வகைத் தாங்கிகளை 1880-களில் உலகெங்கும் விற்றது.

1885-இல் இங்கிலாந்தின் போர்ட்லாந்து முனையில் ஒரு சோதனை நடந்தது. மறையும் தாங்கி ஒன்றில் போலிப் பீரங்கியை வைத்து, அவ்வப்போது எழுப்பி இறக்கினார்கள். ஹெர்குலிஸ் என்ற போர்க்கப்பல் அதை நோக்கிச் சுட்டது; பீரங்கியை நேராகத் தாக்க முடியவில்லை. கண்டுபிடிப்பு தன் வாக்கைக் காப்பாற்றியது. எனினும் அந்தச் சோதனையில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருந்தது. அதைச் சற்றுப் பின்னர் பார்க்கலாம்.

அதே ஆண்டு பிரிட்டனும் ரஷ்யாவும் ஆப்கான் எல்லைப் பூசலால் போரின் விளிம்புக்குப் போயின. ரஷ்யக் கப்பல்கள் வந்துவிடும் என்ற அச்சம் நியூசிலாந்து, ஆஸ்திரேலியத் துறைமுகங்களைப் பிடித்துக்கொண்டது. ஆக்லாந்தின் வடமுனையிலும், டனீடின் அருகேயுள்ள டையரோவா முனையிலும் மறையும் பீரங்கிகள் வந்து இறங்கின. ரஷ்யர் வரவில்லை.

பதுங்கும் புலி: பாக்நாம், 1893

மறையும் பீரங்கி உண்மையான போர்க்கப்பலை எதிர்கொண்ட நிகழ்வுகள் மிகச் சில. அவற்றுள் ஒன்று நடந்தது ஐரோப்பாவில் அல்ல. சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில்.

இந்தோசீனாவைப் பிடித்த பிரான்ஸ் மேற்கே மேகாங் ஆற்றை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. தலைநகர் பாங்காக்குக்குக் கடலிலிருந்து ஒரே வாயில் சாவோ பிரயா ஆறு. மன்னர் சுலாலங்கோர்ன் அந்த ஆற்றின் முகத்தில் ஒரு கோட்டை எழுப்பினார். அது அவர் பெயரையே தாங்கியது. அதில் ஏழு ஆர்ம்ஸ்ட்ராங் 6 அங்குலப் பீரங்கிகள் காற்றழுத்தத் தாங்கிகளில் நின்றன. தாய் மக்கள் அவற்றுக்கு வைத்த பெயர் 'சுவா மோப்'. பதுங்கிய புலி என்று பொருள். புலி பதுங்குவது பாய்வதற்கே என்று சொல்லும் நமக்கு அந்தப் பெயர் உடனே புரியும்.

1893 ஜூலை 13 மாலை, மழையும் மங்கலுமான வெளிச்சத்தில், 'ஆன்கோன்ஸ்டான்', 'கோமெட்' என்னும் இரண்டு பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் ஆற்றுமுகத்தை நெருங்கின. வழிகாட்டியாக 'ழான் பாப்டிஸ்ட் சே' என்ற சிறு நீராவிக் கப்பல் முன்னால் வந்தது. கோட்டை எச்சரிக்கையாகச் சுட்டது, அவை நிற்கவில்லை. சண்டை தொடங்கியது. வழிகாட்டிக் கப்பல் அடிபட்டுத் தரைதட்டியது. போர்க்கப்பல்கள் இரண்டும் கோட்டையைக் கடந்து, ஆற்றில் ஏறி, அன்றிரவே பாங்காக்கில் பிரெஞ்சுத் தூதரகத்தின் முன் நங்கூரமிட்டன. அடுத்து முற்றுகை அறிவிப்பு. அதற்கடுத்து, அக்டோபர் 3-ஆம் நாள் உடன்படிக்கை. மேகாங்கின் கிழக்குக் கரையைச் சயாம் பிரான்சுக்கு விட்டுக்கொடுத்தது. இன்றைய லாவோஸ் நாட்டின் பெரும்பகுதி அந்த நிலம்தான்.

இந்தத் தோல்வியைப் பீரங்கியின் மேல் மட்டும் சுமத்துவது நியாயம் ஆகாது. கோட்டை புதியது, பீரங்கியாளர்களுக்குப் பயிற்சி போதவில்லை, கட்டளையிட்டவர்களில் பலர் டென்மார்க்கிலிருந்து வந்த அதிகாரிகள், சுட்டவர்கள் சயாமியர், இடையே மொழிச் சிக்கல் வேறு. ஆனாலும் தாங்கியின் இயல்பைக் கவனிக்க வேண்டும். இறங்கு, நிரப்பு, எழு, குறிபார், சுடு என்ற சுற்று ஒரு நிமிடத்தை எளிதில் விழுங்கிவிடும். பத்து நாட் வேகத்தில் ஓடும் கப்பல் ஒரு நிமிடத்தில் முந்நூறு மீட்டர் கடந்துவிடும். குறுகிய ஆற்றுமுகத்தில், அருகில் ஓடும் கப்பலுக்கு எதிராக ஒரு பீரங்கிக்குக் கிடைப்பது சில குண்டுகளே. தொலைவில் நின்று நெடுநேரம் சண்டையிடும் கப்பலுக்காக உருவான கருவி அது. விரைந்து கடந்துபோக நினைக்கும் கப்பலுக்கு முன் அதன் மறைவால் பெரிய பயன் இல்லை.

பிரிட்டன் கைவிட்டது, அமெரிக்கா கைப்பற்றியது

போர்ட்லாந்துச் சோதனையில் ஒளிந்திருந்த செய்தி இதுதான்: ஆடும் கப்பலிலிருந்து கரையில் உள்ள ஒரு பீரங்கியைத் தாக்குவது, அது மறைந்தாலும் மறையாவிட்டாலும், மிகக் கடினம். 1882 ஜூலையில் அலெக்சாந்திரியாவை பிரிட்டிஷ் கடற்படை ஏறத்தாழ மூவாயிரம் குண்டுகளால் தாக்கியபோதும், நேரடியாக அடிபட்டு முடங்கிய எகிப்தியப் பீரங்கிகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தன. அப்படியானால் இவ்வளவு விலைகொடுத்து ஒளிவதற்கு என்ன தேவை? இரும்புக் கேடயம் ஒன்றை முன்னால் பொருத்தி, பீரங்கியை மைய அச்சில் சுழலவிட்டு, பின்னுதைப்பை உருளைகளால் அடக்கி, விரைவாகச் சுடுவதே மேல் என்று பிரிட்டிஷ் இராணுவம் முடிவுகட்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 6 அங்குல, 9.2 அங்குலப் பீரங்கிகள் இந்த மைய அச்சுத் தாங்கிகளில் பேரரசின் துறைமுகங்கள் எங்கும் நிறுவப்பட்டன.

அமெரிக்கா எதிர்த்திசையில் போனது. அங்கு 1885-இல் அமைக்கப்பட்ட எண்டிகாட் குழு நாட்டின் கடற்கரைப் பாதுகாப்பு முழுவதையும் புதிதாகக் கட்ட வேண்டும் என்று மறு ஆண்டு பரிந்துரைத்தது. அடெல்பர்ட் பஃபிங்டன், வில்லியம் குரோசியர் என்ற இரு படைக்கல அதிகாரிகளின் பெயரால் அறியப்பட்ட மறையும் தாங்கி அந்தத் திட்டத்தின் முதுகெலும்பு ஆனது. பீரங்கி இரண்டு பெரிய நெம்புகோல்களின் உச்சியில் அமர்ந்தது. சுட்டவுடன் நெம்புகோல்களின் நடு அச்சு உருளைகளின் மேல் பின்னால் சறுக்க, அவற்றின் அடிமுனைகள் ஒரு குழிக்குள் இருந்த ஈய எதிர்எடையைச் செங்குத்தாகத் தூக்கின. மான்கிரீஃபின் கருத்தே இங்கும் அடிப்படை. ஆனால் பன்மடங்கு வலிமையானது. 50 டன்னுக்கு மேல் எடையுள்ள 12 அங்குலக் குழல், ஏறத்தாழ 485 கிலோ குண்டைச் சுட்டுவிட்டு அமைதியாகக் கீழே வந்து அமர்ந்தது. பனாமாக் கால்வாய் வாயிலில் 16 அங்குலப் பீரங்கிக்கும் இந்தத் தாங்கியையே பயன்படுத்தினார்கள்.

பஃபிங்டன் 1899-இலும், அவருக்குப் பின் குரோசியர் 1901-இலும் அமெரிக்கப் படைக்கலத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்கள். குரோசியர் 1918 வரை அதில் இருந்தார். பிரிட்டன் கைவிட்ட ஒன்றை அமெரிக்கா இவ்வளவு காலம் பிடித்துக்கொண்டிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது. தன் பிள்ளையைத் தானே தள்ளிவைக்க யாருக்கும் மனம் வராது.

தாங்கியின் குறை அதன் சிறப்பிலிருந்தே பிறந்தது. பீரங்கி கீழே இறங்கும் பாதை சீராக அமைய, குழல் கிடைமட்டத்தை ஒட்டியே இருக்க வேண்டும். 12 அங்குலப் பீரங்கியின் 1901 மாதிரித் தாங்கியில் குழலை ஏறத்தாழ 10 பாகை அளவுக்குத்தான் உயர்த்த முடிந்தது. 1890-களில் கப்பல்கள் சில கிலோமீட்டர் தொலைவில் நின்று தட்டையாகச் சுட்டதால் அதுவே தாராளம். 1906-க்குப் பிறகு வந்த ட்ரெட்நாட் வகைக் கப்பல்களும், 1915-இல் டார்டனெல்ஸ் வரை வந்த 15 அங்குலப் பீரங்கிக் கப்பலும் அந்தக் கணக்கைக் கலைத்தன. தொலைவு கூடியது; தொலைவு கூடினால் குண்டு மேலே ஏறிச் செங்குத்தாக விழும். முன்னால் மட்டும் சுவர் உள்ள குழிக்கு மேலே கூரை இல்லை.

அமெரிக்கா 1917 மாதிரி என்ற புதிய தாங்கியை உருவாக்கி, பழைய 12 அங்குலக் குழல்கள் சிலவற்றை அதற்கு மாற்றியது. இதில் குழல் 35 பாகை வரை உயர்ந்தது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன 27 கிலோமீட்டர் இதனால்தான் வந்தது. ஆனால் இந்தப் பீரங்கி வட்டவடிவக் கான்கிரீட் தளத்தின் நடுவே முழுக்க வெளியே நின்றது. கப்பல் தொடுவானத்துக்கு அப்பால் இருக்கும்போது மறைவு எதற்கு என்று எண்ணினார்கள். அந்த ஆண்டுகளில்தான் விமானங்கள் வளர்ந்துகொண்டிருந்தன.

கொரிகிடோர், 1942

இந்தத் தாங்கிகள் எல்லாம் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சோதிக்கப்பட்டது பிலிப்பைன்ஸின் மணிலா வளைகுடாவில்தான். வளைகுடா வாயிலில் உள்ள கொரிகிடோர் தீவில் அமெரிக்கர்கள் 12 அங்குல மறையும் பீரங்கிகளை வீலர், சேனி, கிராக்கெட் என்ற மூன்று தளங்களில் வைத்திருந்தார்கள். அவை மேற்கிலும் தெற்கிலும் உள்ள கடலை நோக்கின. ஹெர்ன், ஸ்மித் தளங்களில் 1917 மாதிரித் திறந்த தாங்கிகள். வே, கீரி தளங்களில் குழிக்குள் அமர்ந்த 12 அங்குல மோர்ட்டார்கள். அருகிலிருந்த சிறு பாறைத் தீவு ஒன்றைச் செதுக்கிச் சமப்படுத்தி, கான்கிரீட்டால் போர்க்கப்பல் வடிவில் கட்டி, நான்கு 14 அங்குலப் பீரங்கிகளை இரண்டு கவசக் கோபுரங்களில் நிறுத்தியிருந்தார்கள். அதன் பெயர் டிரம் கோட்டை.

எதிரி கடல்வழி வரவில்லை. ஜப்பானியர் வடக்கே லூசானில் இறங்கி, தரைவழியாக வந்து, 1942 ஏப்ரல் 9-இல் பட்டான் தீபகற்பத்தைப் பிடித்தார்கள். பட்டானின் மலைகளிலிருந்து கொரிகிடோர் கைக்கெட்டும் தொலைவு. அங்கே தம் பீரங்கிகளை மலைச்சரிவுகளின் பின்னால் நிறுத்தி, விமானத்திலிருந்தும் வானக்கூண்டிலிருந்தும் பார்த்துச் சுட்டார்கள்.

மறையும் பீரங்கிகள் தட்டையாகச் சுடுபவை. மலைக்குப் பின்னால் இருப்பவனைத் தொட அவற்றால் ஆகாது. அவை பார்த்த திசையும் பெரும்பாலும் வேறு. எதிரியின் குண்டுகளோ பின்னாலிருந்தும் மேலிருந்தும் விழுந்தன. கடலை நோக்கிய தடித்த சுவர் எதற்கும் உதவவில்லை. ஹெர்ன், ஸ்மித் பீரங்கிகள் எல்லாத் திசையும் சுழலும். ஆனால் அவற்றை வானிலிருந்து பார்ப்பவனிடமிருந்து மறைக்க எதுவும் இல்லை. பெரிதும் உழைத்தவை மோர்ட்டார்களே. உயர்ந்து வளைந்து விழும் அவற்றின் குண்டுகள் மலைச்சரிவின் மறுபக்கத்தையும் எட்டின. ஆனால் கிடங்கில் இருந்தவை பெரும்பாலும் கப்பல் கவசத்தைத் துளைக்கும் குண்டுகள். மண்ணில் புதைந்து வெடித்துச் சேறு வாரியடித்தன. மே 2-ஆம் நாள் ஜப்பானிய 240 மில்லிமீட்டர் குண்டு ஒன்று கீரி தளத்தின் வெடிமருந்துக் கிடங்கைப் பிளந்தது. பல டன் எடையுள்ள மோர்ட்டார்கள் பொம்மைகள்போலத் தூக்கி எறியப்பட்டன. வே தளத்தின் கடைசி மோர்ட்டார் ஜப்பானியர் கரையேறும் வரை சுட்டுக்கொண்டே இருந்தது. மே 6-இல் தீவு சரணடைந்தது. டிரம் கோட்டையின் கவசக் கோபுரங்கள் அதுவரையும் இயங்கின. அத்தனை தாங்கிகளிலும் கடைசிவரை சேதமின்றி நின்றவை தலைக்கு மேலும் இரும்பு இருந்த அந்தக் கோபுரங்கள் மட்டுமே.

இங்கே சிங்கப்பூரைப் பற்றி ஒரு சொல். கொரிகிடோர் வீழ்வதற்கு மூன்று மாதம் முன், பிப்ரவரி 15-இல் அது சரணடைந்தது. அதன் பீரங்கிகள் கடலை மட்டுமே நோக்கி இருந்தன, அதனால்தான் தீவு விழுந்தது என்ற கதையைப் பள்ளிப் பாடத்திலேயே பலர் கேட்டிருப்பார்கள். அது பாதி உண்மை. அங்கிருந்த ஐந்து 15 அங்குலப் பீரங்கிகளில் புவோனா விஸ்தாவில் இருந்த இரண்டின் தாங்கிகள் வடக்கே திரும்பும் வகையில் அமைந்தவை அல்ல. சாங்கியிலிருந்த ஜொகூர் தளத்துப் பீரங்கிகள் திரும்பின. ஜொகூர் பக்கமாகவும் சுட்டன. அவற்றுக்கும் கொடுத்து வைத்திருந்தவை பெரும்பாலும் கவசம் துளைக்கும் குண்டுகளே. பரவலாக நிற்கும் காலாட்படைக்கு எதிராக அவை ஆழமான குழி தோண்டுவதற்கு மேல் அதிகம் செய்யவில்லை.

எஞ்சியவை

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பெரும்பாலான நாடுகள் கடற்கரைப் பீரங்கிப் படைகளையே கலைத்துவிட்டன. ஆயிரக்கணக்கான டன் எஃகு உருக்காலைக்குப் போயிற்று. எஞ்சியவை சில. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள கேசி கோட்டையில் இரண்டு 10 அங்குல மறையும் பீரங்கிகள் நிற்கின்றன. அவை அந்தக் கோட்டையின் சொந்தப் பீரங்கிகள் அல்ல, 1960-களில் பிலிப்பைன்ஸின் சூபிக் வளைகுடாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. சான் பிரான்சிஸ்கோவின் பேக்கர் கடற்கரையில் 6 அங்குலப் பீரங்கி ஒன்றைப் பூங்காத்துறையினர் பார்வையாளர்களுக்காக எழுப்பி இறக்கிக் காட்டுகிறார்கள். சாவோ பிரயா முகத்தில் பதுங்கிய புலிகள் ஏழும் கடற்படை அருங்காட்சியகத்தின் பகுதியாகத் தம் குழிகளிலேயே இருக்கின்றன. டையரோவா முனையில், ரஷ்யருக்காகக் காத்திருந்த ஆர்ம்ஸ்ட்ராங் பீரங்கி நிலத்தடிச் சுரங்க வழியின் முடிவில் இன்றும் பழுதின்றி இயங்கும் நிலையில் உள்ளது. அதற்கு மேலே உள்ள புல்வெளியில் அரச ஆல்பட்ராஸ் பறவைகள் கூடு கட்டுகின்றன.